பாயிண்ட் டூ டூவே போதும்

குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்கு எந்தக் காலிபர் நல்லது என்று கேட்டால் என் பதில் ஒரே வரிதான். .22 லாங் ரைபிள். அதற்கு முன்னால் ஒன்றிரண்டு வருஷம் காற்றுத் துப்பாக்கி. பதில் சின்னது, ஆனால் காரணம் சொல்லக் கொஞ்சம் இடம் வேண்டும். பொறுமையாகப் படியுங்கள்.

இந்தக் கேள்வி கொல்லிமலையில் ஏன் கிளம்பியது என்று கீழ்நாட்டு நண்பர்கள் கேட்கலாம். 2024 ஆகஸ்ட் 1 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் ரைபிள் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வாங்கினார். மண்டியிட்டு, படுத்து, நின்று என்று மூன்று விதமாகச் சுடும் போட்டி அது. அதில் இந்தியாவுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம். கோலாப்பூர் மாவட்டத்துக் கிராமத்துப் பிள்ளை, அப்போது ரயில்வேயில் டிக்கெட் கலெக்டர் வேலை. நம்மைப் போல அரசாங்கச் சம்பளக்காரர் என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம். (பாரிஸ் ஒலிம்பிக் என்றாலும் துப்பாக்கிப் போட்டி நடந்தது பாரிஸில் இல்லை, அங்கிருந்து வெகுதூரம் தெற்கே உள்ள ஷத்தோரு என்ற ஊரில்.) அதற்குப் பிறகு செம்மேட்டு டீக்கடையில்கூட இளவட்டங்கள் ரைபிள் பேச்சுப் பேசுகிறார்கள். செல்போனில் அமெரிக்காக்காரர்களின் படங்களைப் பார்த்துவிட்டு, ".22 எல்லாம் பழசு, இப்போ .17தான்" என்று அடித்துச் சொல்கிறார்கள்.

நான் பதக்கம் வாங்கியவன் இல்லை. ஆனால் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் ஆறு வருஷம் ஆயுத உரிமப் பிரிவில் இருந்தேன். எந்தத் துப்பாக்கி யாரிடம், எத்தனை தோட்டா, எதற்காக என்பதெல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். பள்ளியில் எல்லாம் மில்லிமீட்டர், ஆபீஸில் ரைபிள்களெல்லாம் அங்குலக் கணக்கு. அதனால் .22 என்றால் ஒரு அங்குலத்தில் நூற்றுக்கு இருபத்திரண்டு பங்கு, அதாவது 5.6 மில்லிமீட்டர் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டுவிடும்.

முதலில் இந்தச் சின்னத் தோட்டாக்களின் குலம் கோத்திரம். பெரிய ரைபிள் தோட்டாவின் அடியில் நடுவில் ஒரு கேப் இருக்கும், ஊசி அங்கே குத்தும். இந்தச் சின்னத் தோட்டாக்களுக்கு அந்தக் கேப் கிடையாது. பித்தளைக் குப்பியின் அடி விளிம்பு மடிந்திருக்கும், அந்த மடிப்புக்குள்தான் தீப்பற்றும் கலவை இருக்கும். ஊசி விளிம்பில் எங்கே குத்தினாலும் வெடிக்கும். அதனால் விளிம்புவெடித் தோட்டா என்று வைத்துக்கொள்வோம். இதற்கு வழிகாட்டியவர் லூயி நிக்கோலா ஃப்ளொபேர் என்ற பிரெஞ்சுக்காரர், 1845இல். அவர் தோட்டாவுக்குள் வெடிமருந்தே இல்லை. கேப்பின் வெடிப்பு மட்டுமே குண்டைத் தள்ளும். பணக்கார வீட்டுக் கூடத்திலும் தோட்டத்திலும் பொழுதுபோக்காகச் சுடுவதற்குச் செய்தது. ஆக, இந்தக் குடும்பத்தின் மூத்த தாத்தாவே வேட்டைக்குப் பிறந்தவர் இல்லை, குறிபார்ப்பதற்குப் பிறந்தவர்.

பிறகு அமெரிக்காவில் 1857இல் .22 ஷார்ட் வந்தது. 1887இல் ஸ்டீவன்ஸ் கம்பெனி .22 லாங் ரைபிள் தோட்டாவைக் கொண்டுவந்தது. நம் வயதுக்காரர்கள் பலர் என்.சி.சி. முகாமில் படுத்துக்கொண்டு, ஹவில்தார் பின்னால் நின்று அதட்ட, எண்ணி எண்ணி ஐந்து ரவை சுட்டோமே, அந்த "பாயிண்ட் டூ டூ" இதுதான். 1959இல் வின்செஸ்டர் கம்பெனி .22 மேக்னம் கொண்டுவந்தது. குப்பி நீளம், மருந்து அதிகம், வேகமும் அதிகம். 2002இல் ஹார்னடி கம்பெனி அதே மேக்னம் குப்பியின் கழுத்தைச் சுருக்கி, அதில் சின்னக் குண்டை வைத்து .17 எச்.எம்.ஆர். என்று விட்டது. 2004இல் .22 லாங் ரைபிள் வகைக் குப்பியிலிருந்தே .17 மாக் 2 என்று இன்னொரு தம்பி வந்தான்.

நம் மலைக்கணக்கில் சொன்னால், .22 குண்டு நன்றாக முற்றிய ஒரு மிளகின் பருமன். .17 குண்டு 4.4 மில்லிமீட்டர்தான், கொஞ்சம் பொடி மிளகு. எடையில்தான் பெரிய வித்தியாசம். .22 குண்டு 2.6 கிராம், .17 எச்.எம்.ஆர். குண்டு 1.1 கிராம். வேகத்தில் தலைகீழ். போட்டிக்கான .22 வினாடிக்கு 320, 330 மீட்டர் அளவில் போகும். எச்.எம்.ஆர். 770 மீட்டருக்கு மேல் போகும். பையன்கள் மயங்குவது இந்த எண்ணில்தான். வேகம் கூடினால் குறியும் கூடும் என்று நினைக்கிறார்கள்.

50 மீட்டர் போட்டி இலக்கில் பத்து மதிப்பெண் வட்டத்தின் குறுக்களவு 10.4 மில்லிமீட்டர். இரண்டு மிளகைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள், அவ்வளவுதான். அதற்குள் இருக்கும் உள்வட்டம் 5 மில்லிமீட்டர், ஒரு மிளகு. அரை பர்லாங்குக்கு அரை தூரத்தில் அந்த மிளகைத் தொட வேண்டும். அதுவும் ஒரு தடவை இல்லை, அறுபது தடவை.

இதற்கு வேண்டியது வேகம் அல்ல. ஒவ்வொரு குண்டும் முந்தின குண்டைப் போலவே போவதுதான் வேண்டும். பிரெஞ்சில் "ரெகுலாரித்தே" என்பார்கள், நாம் ஒழுங்கு என்று சொல்லலாம். .22 குண்டு 50 மீட்டரைக் கடக்க ஏறக்குறைய 0.16 வினாடி ஆகும். அதற்குள் பூமி அதைச் சுமார் 12 சென்டிமீட்டர் கீழே இழுத்துவிடும். அதற்குத் தகுந்தபடிதான் குறிக்கருவியை ஏற்றி வைக்கிறோம். ஒரு குண்டு 320 மீட்டர் வேகத்திலும் அடுத்தது 330 மீட்டர் வேகத்திலும் போனால், விழும் இடத்தில் 7, 8 மில்லிமீட்டர் மேல்கீழ் ஆகிவிடும். சுட்டவன் கை துளிகூட ஆடவில்லை, ஆனாலும் பத்து ஒன்பதாகிவிட்டது. வேகத்தில் பத்து மீட்டர் மாறுவதற்கு, விளிம்பின் மடிப்பில் கலவை கொஞ்சம் ஏறக்குறைய இருந்தாலே போதும்.

மலையில் என் வயதுப் பெரியவர்களுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. அந்தக் காலத்து நாட்டுத் துப்பாக்கியில் கருமருந்து கொட்டி, நார் அடைத்து, ரவை போட்டு, கம்பியால் இடித்தவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும். மருந்து ஒரு சிட்டிகை கூடினாலும் குறி மாறும், இடித்த இறுக்கம் மாறினாலும் குறி மாறும். ஷத்தோருவில் பதக்கம் வாங்கிக் கொடுத்த சூத்திரமும் அதேதான், தொழிற்சாலை அளவுக்கு நுணுக்கமாகச் செய்கிறார்கள்.

இங்கிலாந்தின் ஈலி, பின்லாந்தின் லாபுவா, ஜெர்மனியின் ஆர்.டபிள்யூ.எஸ். ஆகிய மூன்றும் இதில் பேர் போனவை. இவர்கள் போட்டித் தோட்டாவைத் தொகுதி தொகுதியாகச் செய்து, ஒவ்வொரு தொகுதிக்கும் எண் போட்டு, சுட்டுப் பார்த்து விற்கிறார்கள். பெரிய வீரர்கள் தங்கள் ரைபிளை எடுத்துக்கொண்டு போய் பல தொகுதிகளைச் சுட்டுப் பார்த்து, தங்கள் குழலுக்கு ஒத்துப்போகும் தொகுதியை வாங்கிக்கொள்கிறார்கள். ஒரே கம்பெனி, ஒரே பெயர், ஒரே விலை, ஆனாலும் ஒரு தொகுதி ஒரு குழலுக்குப் பிடிக்கும், இன்னொரு குழலுக்குப் பிடிக்காது. தட்டச்சு செய்தவர்களுக்கு இது புரியும். எங்கள் ஆபீஸில் ஒரே மாதிரி இரண்டு ரெமிங்டன் இருந்தன. ஒன்று எந்த ரிப்பனைப் போட்டாலும் தெளிவாக அடிக்கும், மற்றது குறிப்பிட்ட ரிப்பன் இல்லாவிட்டால் "ழ"வை "மு" ஆக்கிவிடும். (1873இல் தட்டச்சு இயந்திரம் செய்யத் தொடங்கிய அந்த ரெமிங்டன் அடிப்படையில் ஒரு துப்பாக்கிக் கம்பெனி என்பது இன்னொரு வேடிக்கை.) நல்ல குழலும் அதற்கு ஒத்த தொகுதியும் சேர்ந்து, ரைபிளை அசையாமல் இறுக்கி வைத்துச் சுட்டால், 50 மீட்டரில் பத்துக் குண்டும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கும்.

போட்டித் தோட்டாவை வேண்டுமென்றே மெதுவாகச் செய்வதற்கு இன்னொரு காரணம் ஒலியின் வேகம். காற்றில் ஒலி 20 டிகிரி வெப்பத்தில் வினாடிக்கு 343 மீட்டர் போகும், 35 டிகிரியில் 352. கடையில் கிடைக்கும் வேகமான .22 தோட்டா 380 மீட்டர் அளவில் புறப்பட்டு, 100 மீட்டர் போவதற்குள் ஒலியின் வேகத்துக்குக் கீழே இறங்கிவிடும். அந்த எல்லையைத் தாண்டும்போது குண்டு தள்ளாடும். போட்டித் தோட்டாவோ தொடக்கத்திலிருந்தே அந்த எல்லைக்குக் கீழேதான், தாண்ட வேண்டிய வேலையே இல்லை.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேகமான குண்டைக் காற்று குறைவாகத் தள்ளும் என்று எல்லோரும் நினைப்போம். .22இல் அது பொய். அதே எடைக் குண்டு 380இல் புறப்பட்டால், 325இல் புறப்பட்டதைவிட 100 மீட்டரில் காற்று அதை அதிகமாகவே ஒதுக்குகிறது. ஒலியின் வேகத்தை ஒட்டி காற்றின் எதிர்ப்பு திடீரென்று கூடுவதால், வேகமான குண்டு வழியில் தன் வேகத்தை அதிகம் இழக்கிறது. குண்டு எவ்வளவு இழக்கிறதோ அதைப் பொறுத்தே பக்கக் காற்று அதை ஒதுக்கும்.

.17 எச்.எம்.ஆர். பக்கமும் நியாயம் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது முறையல்ல. 50 மீட்டரில் அது இரண்டு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் இறங்கும். வேகம் பத்து மீட்டர் மாறினாலும் இலக்கில் ஒரு மில்லிமீட்டர்கூட வித்தியாசம் வராது. 100 மீட்டரில், கடையில் வாங்கிய சாதாரணப் பெட்டியை வைத்துச் சுட்டால், சாதாரண .22ஐ அது சுலபமாக ஜெயித்துவிடும். பையன்கள் பார்க்கும் படங்கள் பொய் சொல்லவில்லை. .22 மேக்னத்துக்கு அந்தப் பெருமையும் இல்லை. அது வேட்டைக்காரனின் தோட்டா, காகிதத்தில் சுட்டுப் பார்த்தால் எதற்கு இவ்வளவு சத்தம் என்றுதான் தோன்றும்.

அப்படியானால் .17 ஏன் வேண்டாம்? முதலாவது, போட்டியே கிடையாது. உலகத் துப்பாக்கிப் போட்டிச் சம்மேளனத்தின் 50 மீட்டர் ரைபிள் விதி 5.6 மில்லிமீட்டர் லாங் ரைபிள் என்கிறது. .17ஐத் தூக்கிக்கொண்டு போனால் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள். இரண்டாவது, அது சின்ன மிருகங்களைக் கொல்வதற்காக யோசித்துச் செய்தது. செப்பு உறையும் பிளாஸ்டிக் முனையும் கொண்ட குண்டு, பட்டவுடன் சிதறும். 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு நமக்கு அந்த வேலை இல்லை, இருக்கவும் கூடாது. மூன்றாவது, புறப்படும்போது அதன் விசை போட்டி .22ஐப் போல இரண்டு மடங்குக்கும் மேல், சத்தமும் அதிகம். பழகுகிறவன் கண்ணைச் சிமிட்டவும் தோளைச் சுருக்கவும் கற்றுக்கொள்வான். அந்தக் கெட்ட பழக்கத்தைப் பிறகு மாற்றுவது லேசில்லை.

இதெல்லாம் வெறும் டீக்கடை விவாதமாக இருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். சில மாதங்களுக்கு முன் மலைக்காரர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். இரண்டு ஏக்கர் காபியும் மிளகும் வைத்திருப்பவர். மகன் பதினோராம் வகுப்பு. "ஐயா, பையன் வெளிநாட்டு ரைபிள் வேணுங்கறான். .17தான் நல்லதுன்னு யாரோ சொல்லியிருக்காங்க. சில்வர் ஓக் மரத்தை எல்லாம் வெட்டிக் கொடுத்திடலாம்னு பாக்கறேன். சரியா வருங்களா?" என்று கேட்டார். சில்வர் ஓக் மரம் என்றால் மரம் மட்டும் இல்லை. மிளகுக்கொடி ஏறியிருப்பது அதன் மேல்தான். மரம் போனால் கொடியும் போகும், புதுக்கொடி காய்க்கப் பல வருஷம் ஆகும்.

நான் அவரிடம், "ஒரு மரத்தையும் தொடாதீங்க" என்றேன். ஆபீஸ் நாட்களில் தெரிந்த நடைமுறையையும் விளக்கினேன். .22 ஆனாலும் .17 ஆனாலும், 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் வீட்டில் வைக்க முடியாது. காற்றுத் துப்பாக்கி அப்படியில்லை. 2016ஆம் வருஷத்து விதிகளின்படி .177 அளவுக்கு மேற்படாத, 20 ஜூலுக்கு உட்பட்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம். 10 மீட்டர் போட்டித் துப்பாக்கி இந்த வரம்புக்குள் அடங்கிவிடும். அதன் இலக்கில் பத்து என்பது அரை மில்லிமீட்டர் புள்ளி. அதில் பழகியவனுக்கு 50 மீட்டரில் உள்ள இரண்டு மிளகு பெரிசாகவே தெரியும். மூச்சை நிறுத்துவதும், விசையை மெதுவாக அழுத்துவதும், சுட்ட பிறகும் கண்ணை எடுக்காமல் இருப்பதும் இரண்டுக்கும் பொது.

2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா வாங்கிய தங்கம் காற்றுத் துப்பாக்கியில் வந்தது. பாரிஸில் இந்தியாவுக்குக் கிடைத்த மூன்று துப்பாக்கிப் பதக்கங்களில் இரண்டு காற்றுக் கைத்துப்பாக்கியில் கிடைத்தவை. கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலக அளவில் பேர் வாங்கியதும் காற்று ரைபிளில்தான். இந்தப் பெயர்களைச் சொன்ன பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. பையன் ஒரு வருஷம் காற்றுத் துப்பாக்கியில் நின்று காட்டட்டும், பிறகு திருச்சி, கோவை ரைபிள் கிளப் எதிலாவது சேர்ந்து அவர்களுடைய .22ஐச் சுட்டுப் பார்க்கட்டும், சொந்த ரைபிள் அதற்குப் பிறகு என்று முடிவாயிற்று. மரம் நிற்கிறது.

இனி சொல்லப்போவது என் சொந்த அபிப்பிராயம். யாருக்காவது கசந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த மலைக்கும் குறிபார்ப்பதற்கும் உள்ள உறவு நேற்று வந்ததல்ல. ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று துளைத்துப் போனதை வன்பரணர் பாடியது புறநானூற்றில் இருக்கிறது. செம்மேட்டில் அவனுக்குச் சிலை உண்டு, ஆடி மாதம் அரசு விழா உண்டு, விழாவில் வில்வித்தைப் போட்டியும் உண்டு. அந்தக் கை இன்னும் மலையில் இருக்கிறது. ஆனால் அது போகும் வழிதான் சரியில்லை. உரிமம் இல்லாத நாட்டுத் துப்பாக்கியை ஒப்படையுங்கள் என்று போலீசாரும் வனத்துறையும் அவ்வப்போது அறிவிக்கிறார்கள். அறிவிப்பது சரி, ஒப்படைப்பதும் சரி. நாட்டுத் துப்பாக்கி வெடித்துக் கை போனவர்களும் உண்டு, வழக்கில் மாட்டிக் கோர்ட்டுக்கு அலைந்தே இளமை போனவர்களும் உண்டு. ஆனால் துப்பாக்கியை வாங்கிக்கொண்ட கைக்குப் பதிலாக என்ன கொடுத்தோம்? நல்ல கண்ணும் நடுங்காத கையும் உள்ள ஒரு மலைப்பையன் முறையாகக் குறிபார்க்க வேண்டுமானால் எழுபது கொண்டை ஊசி வளைவு இறங்கித்தான் போக வேண்டியிருக்கிறது.

10 மீட்டர் காற்று ரைபிள் கூடத்துக்குப் பெரிய மைதானம் வேண்டாம். பள்ளியில் நீளமான ஒரு அறை, பின்சுவரில் குண்டு தெறிக்காத தடுப்பு, நல்ல விளக்கு, நாலு துப்பாக்கி, கண்டிப்பான ஒரு வாத்தியார். உரிமச் சிக்கலும் இல்லை, வெடிச்சத்தமும் இல்லை. ஓரி விழாவில் வில்லுக்குப் பக்கத்திலேயே காற்று ரைபிளுக்கும் ஒரு போட்டி வைக்கலாம். அதில் தேறும் நாலு பிள்ளைகளை வருஷத்துக்கு ஒரு முறை கீழே அழைத்துப் போய் .22 சுட வைக்கலாம். மாவட்ட நிர்வாகத்துக்கு இது பெரிய செலவே இல்லை. கோப்பு எழுதிப் பழகிய கையால் மனு ஒன்று எழுதி வைத்திருக்கிறேன். அடுத்த திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுக்கப் போகிறேன். மலையில் இருக்கும் நம் ஓய்வூதிய நண்பர்களும் கையெழுத்துப் போட்டால் மனுவுக்குக் கனம் கூடும். சனிக்கிழமை மாலை வரை செம்மேடு பஸ் நிலையத்துக்கு எதிரே உள்ள டீக்கடையில்தான் இருப்பேன்.